அதிகாரப் பசி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால் குழந்தைகளின் ஆடல் உண்டு, பாடல் உண்டு, நாடகம் உண்டு, பரிசளிப்பும் உண்டு. இவற்றுக்கு நடுவே, "அதிகார ஆசை மனிதரைக் கெடுப்பது எவ்வாறு" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டுள்ளனர். விருந்து இலையில் பாகற்காய் பரிமாறும் பணி எனக்கு வாய்த்திருக்கிறது. இனிப்புக்கு ஏங்கி அமர்ந்திருக்கும் குழந்தைகள் என்னைச் சிறிது நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அதிகாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் டில்லிக்குப் போகிறது, கோட்டைக்குப் போகிறது, அமைச்சர்களின் மாளிகைக்குப் போகிறது. "அது பெரிய மனிதர்களின் நோய்; கோவண்டியிலும் செம்பூரிலும் வாடகைக்கும் தண்ணீருக்கும் அல்லாடும் நமக்கும் அதற்கும் என்ன உறவு?" என்று கேட்கத் தோன்றுகிறது. உறவு உண்டு. டில்லியிலே ஒருவர் நெஞ்சில் மூண்ட பசி, நாம் நிற்கும் இவ்விடத்துக்கு அருகிலேயே ஆயிரக்கணக்கான அடுப்புகளை அணைத்த வரலாறு உண்டு. அதைத்தான் இன்று சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அதிகாரம் தீமையன்று. நூறு வீடுகள் உள்ள குடியிருப்பில் தண்ணீர்க் குழாயின் சாவி யாரேனும் ஒருவரிடம் இருந்தே தீரவேண்டும். சந்தாப் பணம் ஒருவர் கையில் சேர்ந்தே தீரவேண்டும். பூசல் வந்தால் "இதுதான் முடிவு" என்று சொல்ல ஒரு குரல் இருந்தே தீரவேண்டும். சாவியை வைத்திருப்பது கடமை. அச்சாவி தன்னுடையதே என்று எண்ணத் தொடங்குவது பசி. வயிற்றுப் பசிக்கு ஓர் எல்லை உண்டு. உழக்கு அரிசிச் சோற்றில் அது அடங்கிவிடும். இந்தப் பசியோ உண்ண உண்ண வளர்வது.

இது மனிதனுக்குள் புகும்போது தீயவன் வேடத்தில் புகுவதில்லை. நல்லவன் வேடத்திலேதான் புகுகிறது. "நான் இருந்தால் நாலு பேருக்கு நன்மை செய்யலாம்" என்பது அதன் முதற்பேச்சு. "என்னைத் தவிர வேறு எவராலும் இதைச் செய்ய இயலாது" என்பது இரண்டாம் பேச்சு. "என்னை எதிர்ப்பவன் நன்மையையே எதிர்க்கிறான்" என்பது மூன்றாம் பேச்சு. இந்த மூன்றாம் படியில் கால் வைத்தவுடன், தன்னைக் கேள்வி கேட்பவர்களை ஒருவர்பின் ஒருவராக அகற்றும் வேலை தொடங்குகிறது. அதிகார ஆசை செய்யும் பெருங்கேடு இதுவே என்பது என் துணிபு. பணத்தைத் திருடுவது அதன் பின்னர். கொடுமை செய்வதும் அதன் பின்னர். முதலில் அது, "இது தவறு" என்று சொல்லக்கூடிய வாயை அடைக்கிறது.

வரலாற்றைப் பார்ப்போம். 1975ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா ஒரு தீர்ப்பு அளித்தார். 1971இல் ரேபரேலித் தொகுதியில் பிரதமர் இந்திரா காந்தி பெற்ற வெற்றி செல்லாது என்பதே அத்தீர்ப்பு. கண்டறியப்பட்ட குற்றங்கள் மலையளவானவை அல்ல. அரசு ஊழியர் ஒருவரைத் தேர்தல் பணிக்குப் பயன்படுத்தியது, கூட்ட மேடை அமைக்க மாநில அதிகாரிகளின் உதவியைப் பெற்றது ஆகியவையே அவை. மேல்முறையீட்டுக்கும் வழி இருந்தது. ஜூன் 24ஆம் நாள் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், அவர் பிரதமராக நீடிக்கலாம், ஆயினும் நாடாளுமன்றத்தில் வாக்களிக்கலாகாது என்று இடைக்கால ஆணை பிறப்பித்தார்.

சிறிது காலம் பதவியை விட்டு விலகி, மேல்முறையீட்டில் வென்று, மீண்டும் வந்திருக்கலாம். வங்கதேசப் போரில் நாட்டை வெற்றிக்கு நடத்திய தலைவர் அவர். மக்கள் அன்பும் இருந்தது. ஆனால் "நான் விலகினால் நாடு என்னாகும்?" என்ற பேச்சு உள்ளே எழுந்துவிட்டது. சுற்றியிருந்தோரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். மறுநாள் இரவே நெருக்கடி நிலை ஆணையில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கு அது மறுநாள் விடியற்காலையில்தான் தெரிவிக்கப்பட்டது! தம் அமைச்சர்களையே கேட்காமல் எடுத்த முடிவு அது. அதே இரவில் டில்லியின் பத்திரிகை அலுவலகங்கள் பலவற்றுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஜெயப்பிரகாஷ் நாராயணும் மொரார்ஜி தேசாயும் கைது செய்யப்பட்டனர்.

அதன்பின் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள். பத்திரிகை முதலில் வாய் அடைபட்டது. எதிர்க்கட்சி சிறை சென்றது. 1975 ஆகஸ்டில் அரசியலமைப்புச் சட்டமே திருத்தப்பட்டது. பிரதமரின் தேர்தலை எந்த நீதிமன்றமும் விசாரிக்கலாகாது என்று எழுதினார்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் நவம்பரில் நீக்கியது. எனினும் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்ட தேர்தல் சட்டத்தின் துணையால் அவரது வெற்றி நிலைத்தது. 1976 ஜனவரி 31ஆம் நாள் தமிழ்நாட்டின் ஆட்சி கலைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பலர் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டனர். நாடாளுமன்ற உறுப்பினர் சிட்டிபாபு சென்னைச் சிறையில் அடிபட்டு நலிந்து, 1977 ஜனவரியில் உயிர் நீத்தார். 1976 ஏப்ரல் 28ஆம் நாள், நெருக்கடி நிலைக் காலத்தில் சிறைப்பட்டவர் தம் விடுதலைக்காக நீதிமன்றத்தை நாட இயலாது என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவருக்கு முறைப்படி வரவேண்டியிருந்தும் வரவில்லை. அவர் பதவி விலகினார். "இல்லை" என்று சொன்ன ஒருவரும் அகன்றார்.

மேலே ஒருவர் கேள்விக்கு அப்பாற்பட்டவர் ஆகிவிட்டால், கீழே உள்ள ஒவ்வொருவரும் தம்தம் அளவில் கேள்விக்கு அப்பாற்பட்டவர் ஆகிவிடுகின்றனர். பிரதமரின் இளைய மகன் சஞ்சய் காந்தி அரசில் எப்பதவியும் வகிக்கவில்லை. ஆயினும் அவர் சொல்லே கட்டளையாயிற்று. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு எண்ணிக்கை குறிக்கப்பட்டது. முதலமைச்சர் கலெக்டரை நெருக்கினார். கலெக்டர் தாசில்தாரை நெருக்கினார். இத்தனை பேரைக் கொண்டு வந்தால்தான் சம்பளம் என்று பள்ளி ஆசிரியரை நெருக்கிய இடங்களும் உண்டு. 1976–77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. கட்டாயக் கருத்தடைக்கெனச் சட்டமுன்வடிவை நிறைவேற்றியது நாம் வாழும் இந்த மகாராஷ்டிரத்தின் சட்டமன்றமே. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமையால் அது சட்டமாகாமல் நின்றது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். கோவண்டிக்கு அடுத்த ரயில் நிலையம் மான்கூர்டு. அதற்கப்பால், அணு ஆராய்ச்சி நிலையத்தின் பக்கத்தில், ஜனதா காலனி என்றோர் ஊர் இருந்தது. ஊர் என்றே சொல்கிறேன். நகரின் மற்றப் பகுதிகளிலிருந்து மாநகராட்சியே முன்னர் அகற்றிக் கொண்டுவந்து அமர்த்திய மக்கள் அவர்கள். சேற்று நிலத்தை மேடாக்கி, குடிசை எழுப்பி, கடை வைத்து, கோயிலும் பள்ளிவாசலும் மாதாகோயிலும் கட்டிக்கொண்டு வாழ்ந்தனர். அவர்களில் தமிழர் மிகப் பலர். பின்னர் அணு ஆராய்ச்சி நிலையம் வளர்ந்தது. தன் தேவைக்கு அந்நிலம் வேண்டுமென்றது.

அந்தக் காலனியில் வாழ்ந்தவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். பிழைப்பு நாடி இளைஞராகப் பம்பாய்க்கு வந்து தச்சு வேலை செய்தவர். காலனிக் குழந்தைகளைச் சேர்த்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். குப்பை அள்ள எவரும் வராதபோது, குழந்தைகளும் அவருமாகக் குப்பையைச் சுமந்துபோய் மாநகராட்சி அலுவலக வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள் என்பது அவர் வரலாற்றில் பலரும் சொல்லும் செய்தி. காலனியை அகற்றப்போகிறார்கள் என்றவுடன் மக்களைத் திரட்டினார். நீதிமன்றம் சென்றனர், டில்லிக்குச் சென்று நாடாளுமன்றத்தின் வாசலிலே அமர்ந்தார். மனு, ஊர்வலம், பத்திரிகை, நீதிமன்றம் என ஏழைக்கு உள்ள கதவுகள் எத்தனையோ அத்தனையையும் அவர்கள் தட்டினார்கள். சில ஆண்டுகள் காலனி பிழைத்தும் நின்றது.

நெருக்கடி நிலை வந்தது. கதவுகள் சாத்தப்பட்டன. கன்னா தனித்து நின்ற அந்தத் தீர்ப்பு வெளிவந்து மூன்று வாரமும் ஆகவில்லை. 1976 மே மாதம் பெரும் போலீஸ் படையுடன் வந்து ஜனதா காலனியை இடித்தார்கள். ஏறத்தாழ 70,000 மக்கள் அங்கே வாழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது. மழைக்காலம் எட்டிப் பார்க்கும் வேளையில், அவர்கள் லாரிகளில் ஏற்றப்பட்டு டிராம்பேயின் சதுப்பு நிலத்தில் இறக்கப்பட்டார்கள். அந்த இடம்தான் இன்று நாம் அறிந்த சீத்தாகேம்ப். இந்த அவையில் இருப்போருள் பலருக்கு அங்கே உற்றார் உறவினர் இருப்பார்கள்.

குடிசைகள் இடிபட்டது நெருக்கடி நிலையில் மட்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு முன்பும் இடித்தார்கள், பின்பும் இடித்தார்கள். 1981இல் நடைபாதைவாசிகளை அவரவர் ஊருக்கே திருப்பி அனுப்ப அன்றைய முதலமைச்சர் அந்துலே முனைந்தார். ஆனால் வேற்றுமையைக் கவனியுங்கள். அப்போது பத்திரிகை எழுதிற்று. பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் உள்ளிட்டோர் நீதிமன்றம் சென்றனர். சேலத்திலிருந்து பிழைக்க வந்து நடைபாதையில் குடியிருந்த ஒரு தமிழ்த் தொழிலாளியும் வழக்காடியவர்களில் ஒருவர். 1985இல் உச்ச நீதிமன்றம், உயிர் வாழும் உரிமை என்பதில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அறிவித்தது. நடைபாதையில் என்றென்றும் வாழலாம் என்று அது சொல்லவில்லை. ஆயினும், "எங்களைக் கேட்காமல் அகற்றாதே" என்று சொல்லும் வாய் ஏழைக்குக் கிடைத்தது. 1976இல் இல்லாமற்போனது அந்த வாய்தான்.

பசி கண்ணையும் மறைத்தது. தம்மைச் சூழ்ந்தவர் அனைவரும் ஆமென்றே சொன்னமையால், மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று பிரதமர் நம்பினார் என்பர் பலர். 1977இல் தேர்தல் நடத்தினார். ரேபரேலியிலேயே தோற்றார். தோல்வியை ஏற்று விலகியதும், 1980இல் மக்களிடமே வாக்குக் கேட்டு மீண்டு வந்ததும் அவருக்கு உரிய பெருமை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த இரண்டாம் வழி 1975லும் அவர் முன் திறந்தே கிடந்ததன்றோ!

இது ஒருவரின் நோய், ஒரு கட்சியின் நோய் என்று எண்ணிவிடாதீர்கள். சிறையிலிருந்து வெளிவந்து, மக்கள் தந்த பேராதரவோடு ஆட்சியில் அமர்ந்தனர் ஜனதா கட்சியினர். பிரதமர் நாற்காலி ஒன்று. அதற்கு ஆசைப்பட்டவர் பலர். மொரார்ஜி தேசாயின் ஆட்சி 1979 ஜூலையில் வீழ்ந்தது. அடுத்து வந்த சரண் சிங் நாடாளுமன்றத்தை ஒருநாளும் எதிர்கொள்ளாமலே, நான்கு வாரம் முடியுமுன் பதவி விலகினார். கொடுமைக்கு ஆளானவர்களையும் அதிகாரப் பசி விட்டுவைப்பதில்லை. "நாம் துன்பப்பட்டவர்கள், ஆகவே நாம் கெடமாட்டோம்" என்று எவரும் இறுமாந்திருக்க இயலாது.

அப்படியானால் இந்தப் பசியை வென்றவர் எவரும் இல்லையா? உண்டு. பெருந்தலைவர் காமராசர் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்தார். எவரும் அவரை இறக்கவில்லை. 1963 அக்டோபரில், கட்சிப் பணிக்கென்று தாமே இறங்கினார். 1967இல் தம் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். மக்கள் தீர்ப்பு என்று அதனை ஏற்றார். ஜெயப்பிரகாசரோ சிறையில் சிறுநீரகம் கெட்டு, நம் நகரத்து மருத்துவமனையில் இரத்தச் சுத்திகரிப்பால் உயிர் வாழ்ந்தவர். 1977இல் அவர் சுட்டுவிரல் அசைத்தால் எப்பதவியும் கிடைத்திருக்கும். அவர் எதையும் ஏற்கவில்லை. வெறுங்கையோடு நிற்பதற்கு அஞ்சாதவரே அதிகாரத்தைக் கையில் எடுக்கத் தகுதியுடையவர்.

ஆயினும் அன்பர்களே, நாட்டுக்கு ஒரு காமராசரையும் தெருவுக்கு ஒரு ஜெயப்பிரகாசரையும் எதிர்பார்த்துக் காத்திருக்க முடியுமா? முடியாது. நல்ல மனிதர் வருவார் என்று நம்பி இருப்பதைவிட, வருபவர் கெடாதபடி வழி வகுப்பதே அறிவுடைமை. நம் முன்னோர் அதனை அறிந்திருந்தனர். இடித்துரைக்கும் சான்றோரின் துணை ஆள்பவனுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார்.

காஞ்சிக்கு அருகே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் எடுப்பது எப்படி என்று, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. தகுதி பெற்றோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். பொறுப்பு ஓராண்டுக்கே. அண்மை மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரலாகாது. கணக்குக் காட்டாதவர் வரலாகாது. அவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது! நிலமும் மனையும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அன்று அந்த உரிமை இருந்தது. பெண்களுக்கும் நிலமற்றோர்க்கும் இடமில்லை. அந்தக் குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மனிதனை நீண்ட நாள் நாற்காலியில் வைத்தால் கெடுவான் என்பதையும், கணக்குக் கேட்காவிட்டால் கெடுவான் என்பதையும் அவர்கள் கல்லிலே எழுதினார்கள்.

கல்லில் எழுதியதை நாம் நம் வாழ்வில் எழுதியிருக்கிறோமா? இங்கேதான் என் பேச்சு நம் வீட்டு வாசலுக்கு வருகிறது.

பிழைக்க வந்த இடத்தில் நாம் சங்கம் அமைக்கிறோம்; கோயில் குழு அமைக்கிறோம்; குடியிருப்போர் சங்கம் அமைக்கிறோம். அலுவலகத்தில் ஒருவருக்குக் கீழ், ஆலையில் ஒருவருக்குக் கீழ், நாள் முழுதும் தலை குனிந்து உழைக்கும் மனிதனுக்கு, மாலையில் "செயலாளர் அவர்களே" என்று ஒருவர் அழைப்பது தேனாக இனிக்கும். அந்த இனிப்பு இயல்பானது. ஆனால் அதற்காகவே பொதுக்குழுவைத் தள்ளிப்போடுபவரும், கணக்குக் கேட்ட இளைஞனைத் தமிழ்ப் பகைவன் என்று தூற்றுபவரும், தேர்தலில் தோற்றவுடன் வேறொரு சங்கம் தொடங்குபவரும் நம்மிடையே இல்லையா? டில்லியில் கேட்ட அந்த மூன்று பேச்சுகளும் இங்கேயும் கேட்கவில்லையா?

இது விளையாட்டுச் செய்தியன்று. இன்று நம் குடிசைப் பகுதிகளிலும் பழைய கட்டடங்களிலும் மறுசீரமைப்புத் திட்டங்கள் வருகின்றன. குடும்பங்களின் சார்பில் பேசக் குழு அமைக்கிறார்கள். கட்ட வருகின்ற நிறுவனம் முதலில் தேடி வருவது அந்தக் குழுவினரைத்தான். எந்தத் தாளில் யார் கையெழுத்து, யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்பவை அந்த அறைக்குள்ளே முடிவாகக்கூடும். நாற்பது ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த கூரை, கேள்வி கேட்கப்படாத நான்கு பேர் கையில் இருக்கிறது. 1976இல் போலீஸ் படை கொண்டு செய்ததை, இன்று ஒரு பேனா செய்துவிட முடியும்.

அற்புதம் அவர்களின் பிற்கால வாழ்வு இதற்கு வழி காட்டுகிறது. காலனி இடிந்தபின் அவர் சோர்ந்துவிடவில்லை. குடிசைவாழ் மக்களின் தேசியக் கூட்டமைப்பை வளர்த்தார். 1980களில் நடைபாதைப் பெண்கள் அமைத்த மகிளா மிலன் என்னும் அமைப்போடு சேர்ந்து உழைத்தார். அந்தப் பெண்கள் நாள்தோறும் சிறு காசு சேமித்தனர்; எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் சேமிப்பின் கணக்கை அறிந்திருந்தனர். பிறர் வந்து எண்ணுமுன் தங்கள் குடிசைகளைத் தாங்களே எண்ணி எழுதி வைத்தனர். கணக்கு பலர் கையில் இருந்தால் அதிகாரம் ஒருவர் கையில் குவியாது என்பது அவர்கள் கற்றுத் தந்த பாடம். 2000இல் மகசேசே விருதும், 2011இல் பத்மஸ்ரீ விருதும் அற்புதத்தைத் தேடி வந்தன. 2018இல் அவர் மறைந்தார்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. சங்கமாயினும், கோயில் குழுவாயினும், குடியிருப்போர் குழுவாயினும், ஒருவர் ஒரு பொறுப்பில் இத்தனை ஆண்டுகளுக்கு மேல் இருக்கலாகாது என்று விதி செய்யுங்கள். அவ்விதியை நல்லவருக்காகவும் தளர்த்தாதீர்கள். ஆண்டுதோறும் வரவு செலவை, பெண்களும் இளைஞர்களும் இருக்கும் பொதுக்கூட்டத்தில், உரக்கப் படியுங்கள். எவர் கேட்டாலும் ரசீதைக் காட்டுங்கள். மூன்றாவதாக, எழுந்து நின்று கேள்வி கேட்பவரை "உட்கார்" என்று அதட்டாதீர்கள். அவர் கேள்வி தவறாக இருக்கலாம். கேட்கும் முறை முரடாக இருக்கலாம். ஆயினும் அவர் இருக்கும்வரைதான் தலைவர் தலைவராக இருப்பார்.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு சொல். இவ்விழாவில் கோலமிட்டவர்கள் நீங்கள். உணவு சமைத்தவர்கள் நீங்கள். குழந்தைகளை ஆயத்தம் செய்தவர்கள் நீங்கள். கணக்குப் படிக்கும் நாளில் மட்டும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். வீட்டின் காசுக்குக் கணக்கு வைக்கத் தெரிந்த உங்களுக்குச் சங்கத்தின் கணக்கு விளங்காமற்போகாது. இன்று பரிசு பெறும் குழந்தைகள் நாளை ஆட்சிக்கு வரலாம், அலுவலகத்துக்கு வரலாம், இந்தச் சங்கத்தின் தலைமைக்கும் வரலாம். "ஏன்?" என்று கேட்கவும், கேட்டால் பொறுமையாக விடை சொல்லவும், நாள் வந்தால் சாவியை மகிழ்ந்து கொடுக்கவும் இவ்வயதிலேயே அவர்களைப் பழக்குவோம்.

வரும் பொதுக்குழுவில் ஆண்டுக் கணக்கு வாசிக்கப்படும். அனைவரும் வருக, கேட்க வேண்டியதைக் கேட்க.